வெள்ளை அங்கிக்குள்ளும் ஒரு தொழிலாளி!

ஆலையிலே சங்கு இரண்டு முறை ஊதும். முதற்சங்கு வேலைக்கு அழைக்கும். இரண்டாம் சங்கு, 'போதும், வீட்டுக்குப் போ' என்று சொல்லும். முதற்சங்கு முதலாளி தந்தது. இரண்டாம் சங்கு தொழிலாளி பெற்றது!

கெஞ்சிப் பெற்றதல்ல, போராடிப் பெற்றது. 1886-இல் சிகாகோ நகரத்து வீதியிலே, எட்டு மணி நேர வேலை கேட்டு எழுந்தது ஒரு முழக்கம். அந்த முழக்கத்தை 1923-இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையிலே மே நாள் விழாவாக எதிரொலிக்கச் செய்தார். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், வாரத்துக்கு 48 மணி நேரம், நாளுக்கு 9 மணி நேரம், அதற்கு மேல் வயது வந்த தொழிலாளியைச் சாதாரணமாக வேலை வாங்கக்கூடாது என்று எழுதி வைத்தது. 1961-ஆம் ஆண்டு மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், பஸ் ஓட்டும் தோழருக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது.

ஆனால், தோழர்களே, இரண்டாம் சங்கு இன்னமும் ஒழுங்காக ஊதாத தொழிற்கூடம் ஒன்று நம் ஊர் நடுவிலேயே இருக்கிறது. அங்கே கரி பிடித்த சுவர் இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் இருக்கிறது. எண்ணெய் படிந்த உடை இல்லை. வெள்ளை அங்கி இருக்கிறது. அது அரசாங்க ஆஸ்பத்திரியின் வார்டு. அங்கே இரவும் பகலும் நிற்கும் இளம் தொழிலாளியின் பெயர் ஹவுஸ் சர்ஜன்!

'டாக்டரா தொழிலாளி? காரும் பங்களாவும் வைத்திருப்பவருக்காகவா நம் ஏட்டிலே தலையங்கம்?' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் பேசுவது காருக்குச் சொந்தக்காரரைப் பற்றி அல்ல. நேற்றுத் தேர்வு முடிந்து, இன்று வார்டுக்குள் நுழைந்திருக்கும் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பிள்ளையைப் பற்றி.

நான்கரை ஆண்டுக் காலம் படித்துத் தேறிய பிறகும் ஒருவர் முழு மருத்துவர் ஆகிவிடுவதில்லை. ஓராண்டுக் காலம் மருத்துவமனையிலே சுழற்சி முறையில் பணியாற்ற வேண்டும். மருத்துவப் பிரிவு, அறுவைப் பிரிவு, மகப்பேற்றுப் பிரிவு, குழந்தைகள் பிரிவு, ஊர்ப்புறச் சுகாதார நிலையம் என்று ஒவ்வொன்றிலும் சில வாரங்கள். அதை முடித்தால்தான் நிரந்தரப் பதிவு கிடைக்கும். இந்த ஓராண்டிலே அவர் மாணவரும் அல்லர், ஊழியரும் அல்லர். விடுப்புக் கேட்டால், 'நீ டாக்டர் ஆயிற்றே!' என்பார்கள். ஊதியம் கேட்டால், 'நீ மாணவன்தானே!' என்பார்கள். வௌவாலைப் பறவையும் சேர்த்துக்கொள்ளவில்லை, விலங்கும் சேர்த்துக்கொள்ளவில்லை என்று கதை சொல்வார்களே, அந்த வௌவாலின் நிலைதான்!

அவர் செய்யும் வேலை என்ன? கேளுங்கள்.

யூனிட்டுக்கு 'அட்மிஷன் நாள்' வந்துவிட்டால், காலையில் தொடங்கி மறுநாள் காலை வரை நோயாளிகள் வந்துகொண்டே இருப்பார்கள். கட்டில் நிரம்பும், பிறகு கட்டிலுக்கு இடையே பாய் விரியும். வந்தவருக்கு என்ன என்று கேட்டுக் கேஸ் ஷீட் எழுதவேண்டும். இரத்தம் எடுக்கவேண்டும். ஊசி ஏற்ற நரம்பு தேடவேண்டும். ட்ரிப்ஸ் போடவேண்டும். சிறுநீர்க் குழாய் செருகவேண்டும். புண்ணைத் துடைத்துக் கட்டவேண்டும். இவ்வளவும் மருத்துவம், அவர் கற்கவேண்டிய வேலை, குறை சொல்லமாட்டோம்.

ஆனால் எடுத்த இரத்தத்தை ஆய்வகத்துக்கு எடுத்துப்போக ஆள் இல்லை என்றால் அவரே ஓடுவார். முடிவுச் சீட்டை வாங்கிவர மறுபடி ஓடுவார். ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் இல்லை என்றால் அதையும் தள்ளுவார். இரத்த வங்கிக்கு நடை, எக்ஸ்ரே அறைக்கு நடை, வேறு பிரிவு மருத்துவரின் கருத்தைக் கேட்டு வர நடை. இந்த நடையெல்லாம் முடிந்தபின், விடியற்காலையிலே பெரிய டாக்டர் வார்டைச் சுற்றிப் பார்க்க வருவார். 'ஏழாம் எண் கட்டிலுக்குச் சோடியம் எவ்வளவு?' என்பார். இரவு முழுதும் கண் விழித்த பிள்ளை ஒரு நொடி தயங்கினால், நோயாளிகள் முன்னிலையிலேயே சொல்லம்பு பாயும்!

புத்தகத்திலே நோய் தனியாக வரும். வார்டிலே அது தனியாக வருவதில்லை. கடனோடு வரும். போன கூலியோடு வரும். வீட்டில் தனியாக விட்டுவந்த பிள்ளைகளைப் பற்றிய கவலையோடு வரும். 'ஒரு வாரம் படுக்கையில் இருக்கவேண்டும்' என்று சொல்வது எளிது. 'ஒரு வாரம் படுத்தால் அடுப்பு எரியாதே ஐயா' என்று அந்தக் கட்டிட வேலைக்காரர் கேட்கும்போது, அதற்குப் பதில் எந்தப் பாடநூலின் எந்தப் பக்கத்திலே இருக்கிறது?

முதல் மரணத்தைப் பார்ப்பது அங்கேதான். பார்ப்பதுகூடப் பெரிதல்ல, அதைப் போய்ச் சொல்லவேண்டும். வெளியே தாழ்வாரத்திலே துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனைவியிடம், மகனிடம், 'போய்விட்டார்' என்று சொல்லவேண்டும். சொல்லிவிட்டு அழக்கூட நேரமில்லாமல் அடுத்த கட்டிலுக்குப் போகவேண்டும். இதையெல்லாம் அந்தப் பிள்ளைக்கு யார் கற்றுக்கொடுக்கிறார்கள்? பல நேரங்களில், பத்து இருபது ஆண்டு அதே வார்டிலே பழுத்த செவிலியர் அம்மாதான். 'தம்பி, நின்னுக்கிட்டுச் சொல்லாதீங்க. பக்கத்துல உட்கார்ந்து சொல்லுங்க' என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியம், ஆயிரம் பக்கப் பாடத்துக்குச் சமம்.

இந்த வார்டு வாசல் எளிதாகத் திறந்துவிடவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. புதுக்கோட்டையிலிருந்து வந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் பட்டம் பெற்று, எழும்பூர் அரசு மகப்பேறு, கண் மருத்துவமனையிலே முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாகப் பணியேற்றார். தேவதாசிக் குலத்திலே பிறந்த தாயின் மகள்! எந்தக் குலத்துப் பெண்ணைச் சமுதாயம் கோயில் வாசலிலே கட்டிப்போட்டிருந்ததோ, அந்தக் குலத்துப் பெண் உயிர் காக்கும் கூடத்தின் வாசலைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

வகுப்புவாரி ஆணைக்கு எதிராக உயர்நீதிமன்றம் ஏறிய வழக்கே, மருத்துவக் கல்லூரி இடத்தை வைத்துத் தொடுத்ததுதானே! 1951-இல் உச்சநீதிமன்றமும் அந்த ஆணை செல்லாது என்றது. தமிழகம் கொதித்தெழுந்தது. அதே ஆண்டு அரசியல் சட்டமே முதல் முறையாகத் திருத்தப்பட்டது. பின்னர் 2020-இல், அரசுப் பள்ளியிலே படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பிலே 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டம் வந்தது. அந்த ஆண்டு சேர்ந்த பிள்ளைகள்தாம் படிப்பை முடித்து வார்டுக்குள் வந்தவர்கள். கொத்தனார் மகன் வந்தான். பீடி சுற்றும் தாயின் மகள் வந்தாள். ஆடு மேய்த்தவர் வீட்டிலிருந்து ஸ்டெதஸ்கோப் ஏந்திய கை வந்தது.

அந்தப் பிள்ளைகள் முதல் இரண்டு ஆண்டு பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆங்கிலப் பாடநூல் மலையாக நின்றது. ஆனால் வார்டுக்குள் வந்த அன்று பாருங்கள்! 'நெஞ்சு கரிக்குது', 'தலை கிறுகிறுன்னு வருது', 'மேல்மூச்சு வாங்குது', 'அடிவயித்துல சுருக்கு சுருக்குன்னு குத்துது' என்று நோயாளி சொல்வார். நகரத்துக் கான்வென்ட்டில் படித்த பிள்ளை விழிக்கும். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கோ அது தன் அம்மா பேசும் மொழி! பாதி நோய் பேச்சிலேயே புரிந்துபோகிறது. கல்லூரிக்குள்ளே எது குறை என்று கேலி பேசினார்களோ, அதுவே வார்டுக்குள்ளே மூலதனம் ஆகிறது. மக்கள் மொழி தெரிந்த மருத்துவர், மக்கள் மருத்துவமனைக்குக் கிடைத்த செல்வம்.

அந்தச் செல்வத்தை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? தூங்கவிடாமல் வைத்திருக்கிறோம்!

24 மணி நேரத் தொடர் பணி இந்திய மருத்துவமனைகளிலே அதிசயமல்ல. 36 மணி நேரமும் அதிசயமல்ல. 'இது பயிற்சி, இப்படித்தான் தேறவேண்டும்' என்கிறார்கள். அறிவியல் என்ன சொல்கிறது? பகுத்தறிவாளர்களாகிய நாம் அதையன்றோ கேட்கவேண்டும்!

1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் ஒரு சோதனை நடத்தினர். 24 மணி நேரம் கண் விழித்தவனின் கை, கண் ஒருங்கிணைப்புத் திறன் எவ்வளவு தாழ்கிறது என்று அளந்தனர். இரத்தத்திலே 100 மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 100 மில்லி கிராம் சாராயம் ஏறியவனின் நிலைக்கு அது ஒப்பாயிருந்தது. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் என்ன சொல்கிறது? 30 மில்லி கிராமுக்கு மேல் போனால் வண்டி ஓட்டக்கூடாது, ஓட்டினால் குற்றம். அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் தடுமாறும் நிலையிலே ஒரு பிள்ளையை நிறுத்தி, 'இந்தா ஊசி, இந்தா குழந்தை' என்று கொடுக்கிறோமே, இது எந்த ஊர் நியாயம்? பஸ் ஓட்டுநர் வாயை ஊதிப் பார்க்கச் சொல்கிற நாம், ஹவுஸ் சர்ஜனின் கண்ணை உற்றுப் பார்த்ததுண்டா?

2004-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றிலே, தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிய பயிற்சி மருத்துவர்களை வைத்து ஆராய்ந்தார்கள். 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட தொடர்பணி இருந்த பழைய முறையிலே, நேரம் குறைத்த முறையைக் காட்டிலும் கடுமையான தவறுகள் ஏறத்தாழ 36 விழுக்காடு அதிகம் நேர்ந்தன. அதே மருத்துவர்கள், அதே படிப்பு, அதே திறமை. மாறியது ஒன்றே ஒன்று: தூக்கம்!

சரி, இந்தக் கண்விழிப்பு மரபு எங்கிருந்து வந்தது? 'ரெசிடென்ட்' என்றால் அங்கேயே குடியிருப்பவர் என்று பொருள். 'ஹவுஸ் சர்ஜன்' என்பதிலுள்ள வீடும் மருத்துவமனைதான். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலே, 1889-க்குப் பின், இந்தப் பயிற்சி முறைக்கு உருக்கொடுத்த பெரும் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட். கைராசிக்காரர், மேதை, ஐயமில்லை. ஆனால் கோக்கைனை மரத்துப்போகச் செய்யும் மருந்தாகத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்து, அதற்கு அடிமையாகிப் போனவர் அவர். பின்னாளிலே மார்பினுக்கும் அடிமையாக இருந்தவர். அப்படிப்பட்டவர் காலத்திலே பிறந்த வழக்கத்தைத் தொடக்கூடாத சாத்திரம் என்று கட்டிக்கொண்டு அழுகிறார்கள்! மனு எழுதியதையே மாற்றுக என்ற நாம், ஹால்ஸ்டெட் காலத்து வழக்கத்தை மாற்றக்கூடாதா?

இன்னொரு கூட்டம் வேறு பாட்டுப் பாடும். 'மருத்துவம் தெய்வத் தொழில். தெய்வத்துக்கு நேரம் காலம் பார்க்கலாமா?' என்பார்கள். நல்ல வேடிக்கை! அவர்கள் கும்பிடும் தெய்வத்தையே கேட்போம். கோயிலிலே பள்ளியறை என்று ஓர் அறை எதற்கு? இரவானால் சாமியைக் கொண்டுபோய் அங்கே துயிலவைத்து, கதவைச் சாத்தி, விடிந்ததும் திருப்பள்ளியெழுச்சி பாடியல்லவா எழுப்புகிறார்கள்! கல்லுக்குப் பள்ளியறை உண்டு. கண் விழிக்கும் பெண் மருத்துவருக்குத் தாழ்ப்பாள் உள்ள ஓய்வறை இல்லை! உழைப்பவனைத் தெய்வம் என்று சொல்வதே, அவனுக்கு மனித உரிமை தராமல் தப்பித்துக்கொள்ளும் தந்திரம். தாயைத் தெய்வம் என்றார்கள், சொத்து தரவில்லை. உழவனைத் தெய்வம் என்றார்கள், விலை தரவில்லை. மருத்துவரைத் தெய்வம் என்கிறார்கள், தூக்கம் தரவில்லை!

உலகம் விழித்துக்கொண்டது. 1984-இல் நியூயார்க் நகரத்து மருத்துவமனையிலே லிபி சயான் என்ற 18 வயதுப் பெண் இறந்தாள். அவளைக் கவனித்தவர்கள் நெடுநேரப் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர்கள். தந்தை எழுத்தாளர், விடவில்லை. வழக்கு எழுந்தது, விசாரணை வந்தது. 1989-இல் அந்த மாநிலம் விதி செய்தது: வாரத்துக்கு 80 மணி, தொடர்ச்சியாக 24 மணி, அதற்கு மேல் கூடாது. 2003-இல் அமெரிக்கா முழுதும் 80 மணி வரம்பு வந்தது. ஐரோப்பாவோ வாரத்துக்கு 48 மணி என்று விதித்து, 2009-க்குள் பயிற்சி மருத்துவர்களுக்கும் அதை முழுமையாக நீட்டியது.

இங்கே? இங்கேயும் காகிதம் உண்டு. 1992-இல் மத்திய சுகாதார அமைச்சகம், ரெசிடென்ட் மருத்துவர்களுக்கு ஒரு நெறிமுறை அனுப்பியது. தொடர்பணி சாதாரணமாக 12 மணிக்கு மேற்படக்கூடாது, இளநிலை ரெசிடென்ட்டுகளுக்கு வாரத்துக்கு 48 மணி, வாரம் ஒருநாள் விடுப்பு என்றது. ஆனால் கூடவே, 'பணியின் அவசரத்துக்கு உட்பட்டு' என்று ஒரு சாளரத்தையும் திறந்து வைத்தது. சாளரம் பெரிதாகி வாசலாகிவிட்டது. வாசல் வழியே விதி வெளியேறிவிட்டது!

பின்னர் 2023-இல் தேசிய மருத்துவ ஆணையம் மேற்படிப்பு மாணவர்களுக்குப் புது விதி செய்தது. எண் இருக்குமென்று தேடினால், 'நியாயமான வேலை நேரம்' என்று ஒரு சொல் இருந்தது. நியாயமான! யாருக்கு நியாயம்? யார் கடிகாரத்துக்கு நியாயம்? 'நியாயமான நேரம் வேலை வாங்கலாம்' என்று தொழிற்சாலைச் சட்டத்தில் எழுதியிருந்தால் ஆலை முதலாளி சர்க்கரைப் பொங்கல் வைத்திருப்பானே! 2024-இல் அந்த ஆணையமே அமைத்த மனநலப் பணிக்குழு, வாரத்துக்கு 74 மணிக்கு மேல் கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான். பரிந்துரைக்குக் கால் கிடையாது. அதைச் சட்டந்தான் நடத்தவேண்டும். மேலும் இவையெல்லாம் ரெசிடென்ட்டுகளையும் மேற்படிப்பு மாணவர்களையும் எண்ணி எழுதப்பட்டவை. ஏணியின் கடைசிப் படியிலே நிற்கும் ஹவுஸ் சர்ஜனுக்கு?

2023 ஏப்ரலிலே தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் வந்தபோது என்ன நடந்தது? தொழிற்சங்கங்கள் கட்சி வேறுபாடின்றி எழுந்தன. மே நாளன்றே அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. 12 மணி நேரத்தைக் கேட்டுக் கொதித்த நெஞ்சம், 36 மணி நேரத்தைக் கேட்டு ஏன் கொட்டாவி விடவேண்டும்?

'நேரத்தைக் குறைத்தால் கற்பது குறையும்' என்கிறார்கள் சிலர். தூங்கி வழிபவன் என்ன கற்பான்? 'ஒருவர் போய் மற்றொருவர் வரும்போது, நோயாளி பற்றிய செய்தி தவறிப்போகும்' என்கிறார்கள் வேறு சிலர். இது மதிக்கவேண்டிய வாதம், மறுக்கமாட்டோம். பணி மாறும் நேரத்திலே உயிருக்கு ஆபத்து உண்டுதான். ஆனால் அதற்கு மருந்து கண்விழிப்பு அல்ல, ஒழுங்கு. இரயில்வேயிலே ஒரு நிலைய அதிகாரி பொறுப்பை ஒப்படைக்கும்போது பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டுத்தானே போகிறார்? பணி ஒப்படைப்பை ஒரே முறையிலே சொல்லவும் எழுதவும் ஒன்பது மருத்துவமனைகளிலே பழக்கியபோது, தவறுகள் 23 விழுக்காடு குறைந்தன என்று 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அரை மணி நேரம் இருவரும் சேர்ந்திருக்கட்டும், கட்டில் கட்டிலாக நடந்து சொல்லட்டும், எழுதட்டும். முடியாததா இது?

'நாங்கள் இதைவிடப் பட்டோம், நாங்கள் தேறவில்லையா?' என்கிற மூத்தவர்களுக்கு ஒன்று சொல்வோம். மாமியார் கொடுமைப்பட்ட மருமகள், தான் மாமியாரானதும் அதையே திருப்பிச் செய்தால், அது குடும்பப் பெருமையா? நீங்கள் பட்டது உண்மை. உங்கள் உழைப்புக்குத் தலை வணங்குகிறோம். ஆனால் பட்ட துன்பத்தைப் பரம்பரைச் சொத்தாக்காதீர்கள்!

இது டாக்டர்கள் வழக்கு அல்ல, தோழர்களே. இது நம் வழக்கு! அந்த வார்டிலே படுத்திருப்பவர் யார்? பணக்காரரா? அவருக்குத் தனி அறை, தனி மருத்துவர். அரசாங்க ஆஸ்பத்திரிப் பாயிலே படுத்திருப்பவர் நம் அப்பா. பிரசவ வார்டிலே முனகுபவர் நம் அக்கா. விபத்திலே அடிபட்டு வந்தவர் நம்மோடு சுமை தூக்கியவர். களைத்த கை ஊசியைத் தவறாகப் போட்டால், அது நம் நரம்பிலே போகிறது. மயங்கிய கண் ஒரு புள்ளியை விட்டுவிட்டால், பத்து மடங்கு மருந்து நம் பிள்ளையின் உடலிலே ஏறுகிறது. மருத்துவரின் தூக்கம், ஏழையின் உயிர்!

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சொல்லக் கசக்கும், ஆயினும் சொல்வோம்.

2024 ஆகஸ்ட் 9. கல்கத்தாவின் ஆர்.ஜி.கர் மருத்துவமனையிலே, நெடுநேரப் பணிக்கு இடையே சற்றே கண்ணயரக் கருத்தரங்க அறைக்குப் போன இளம் பெண் மருத்துவர், வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டுக் கிடந்தார். நாடு நடுங்கியது. உச்சநீதிமன்றம் தானே வழக்கை எடுத்துக்கொண்டு பணிக்குழு அமைத்தது. அதே ஆண்டு நவம்பர் 13-இல், சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையிலே, புற்றுநோய் மருத்துவர் ஒருவரை நோயாளியின் மகனே கத்தியால் குத்தினான். அவர் உயிர் பிழைத்தார். மருத்துவமனை வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டிலே 2008-லேயே சட்டம் உண்டு. சட்டம் அலமாரியில் இருந்தது. கத்தி கையில் இருந்தது!

தோழர்களே, நம் ஆத்திரம் நமக்குப் புரியும். நோயாளியோடு வந்து, மணிக்கணக்கில் நின்று, பதில் கிடைக்காமல் தவிக்கும் நெஞ்சின் கொதிப்பு நமக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தக் கொதிப்பு யார் மேல் பாய்கிறது? கட்டில் போதவில்லை என்பதற்கு அந்தப் பிள்ளையா காரணம்? ஆள் போடாதது அவரா? கருவி பழுதானது அவராலா? அலுவலக நாற்காலிகளிலே இருப்பவர் செய்த குறைக்கு, வார்டிலே நிற்பவரை அடிப்பது, மில் நஷ்டத்துக்குக் கூலிக்காரனை உதைப்பது போன்றதல்லவா? உழைப்பவன் உழைப்பவனை அடிக்கலாமா?

ஆகவே கழகத் தோழர்களுக்கு நாம் சொல்வது இது. உங்கள் பகுதி ஆஸ்பத்திரியிலே ஒரு கை மருத்துவர் மேல் ஓங்கினால், அதைத் தடுக்கும் முதல் கை உங்களுடையதாக இருக்கட்டும். கூட்டமாக உள்ளே நுழையாதீர்கள். ஒரு நோயாளிக்கு ஒருவர் துணை போதும். செல்வாக்கைக் காட்டி வரிசையைத் தாண்டாதீர்கள். நீங்கள் தாண்டும் ஒவ்வோர் இடத்திலும் நாதியற்ற ஒருவர் பின்னே தள்ளப்படுகிறார். இரத்தம் தேவை என்றால் முழங்கையை நீட்டுங்கள். படிக்கத் தெரியாத பாட்டிக்குச் சீட்டைப் படித்துச் சொல்லுங்கள். பாதிச் சுமை அதிலேயே குறையும்.

ஆட்சிப் பொறுப்பில் எவர் இருந்தாலும் அவரிடம் நாம் கேட்பது இவை:

முதலாவது, எண் வேண்டும். 'நியாயமான நேரம்' வேண்டாம். வாரத்துக்கு 48 மணி, தொடர்ச்சியாக 12 மணி என்று 1992-இல் எழுதியதை, ஹவுஸ் சர்ஜனையும் சேர்த்துச் சட்டமாக்குங்கள். பேரிடர்க் காலத்து விலக்கு, பேரிடர்க் காலத்துக்கு மட்டும் இருக்கட்டும்.

இரண்டாவது, அந்த எண் சுவரிலே வேண்டும். யார் எப்போது வந்தார், எப்போது போகவேண்டும் என்பதை ஆலையில் ஷிப்ட் பட்டியல் ஒட்டுவதுபோல ஒவ்வொரு வார்டு வாசலிலும் ஒட்டுங்கள். நோயாளியும் படிக்கட்டும்.

மூன்றாவது, ஆள் வேண்டும். ஸ்ட்ரெச்சர் தள்ளவும், ஆய்வகத்துக்கு எடுத்துப்போகவும், பதிவு செய்யவும் நிரந்தர ஊழியர்களை நியமியுங்கள். மருத்துவருக்கு ஓய்வு, நம் தெருப் பிள்ளைக்கு வேலை. ஒரே கல்லிலே இரண்டு மாங்காய்!

நான்காவது, அறை வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே, தாழ்ப்பாளும் வெளிச்சமும் தண்ணீரும் கழிப்பிடமும் உள்ள ஓய்வறை வேண்டும்.

ஐந்தாவது, மரியாதை வேண்டும். தவறு கண்டால் திருத்துங்கள். நோயாளி முன்னே இழிவு செய்யாதீர்கள். எந்தச் சாதி, எந்த ஒதுக்கீடு, எந்தப் பள்ளி என்று குத்திக்காட்டும் நாக்கு எந்தப் பேராசிரியருக்கு இருந்தாலும், அந்த நாக்குக்கு அரசு மருத்துவமனையிலே இடம் இல்லை.

பெருங்கோட்டை கட்டச் சொல்லவில்லை நாம். ஒரு கடிகாரம், ஒரு தாழ்ப்பாள், ஒரு பட்டியல், சில நூறு குடும்பங்களுக்கு வேலை. இவ்வளவே கேட்கிறோம்.

வாசலைத் திறக்க இந்த நாடு பட்டபாடு நூறாண்டுப் பாடு. கொத்தனார் மகன் டாக்டராகி வார்டுக்குள் போனான் என்று கைதட்டினோம். தட்டிய கை ஓய்ந்துவிடலாகாது. உள்ளே போனவன் நிமிர்ந்து நிற்கிறானா, விழுந்து கிடக்கிறானா என்று எட்டிப் பார்க்கும் கடமையும் நமக்குத்தான். அவன் விழுந்தால், அவன் கையைப் பிடித்திருக்கும் ஏழையும் சேர்ந்தே விழுவான்.

ஆலையிலே ஊதவைத்தோம் இரண்டாம் சங்கு. ஆஸ்பத்திரியிலும் ஊதட்டும் அது!